ஐந்தாம் பாகத்தில் ஒரு தப்பு

நாத்தனார் குடும்பத்தோடு விருந்துக்கு வரப்போகும் சனிக்கிழமையன்று, தான் வீட்டில் இருக்கப்போவதில்லை என்று நெட்டை சொன்னபோது, அவள் கணவர் முதலில் அதை நம்பவில்லை.

"அப்படி எங்க போற?"

"காமிக்ஸ் திருவிழாவுக்கு."

"பொம்மைப் புத்தகம் பாக்கவா? அம்பத்திரண்டு வயசாச்சு உனக்கு."

"அதான் போறேன். இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போடுறது? குழம்பு வச்சுட்டுப் போறேன். சோறு நீங்க வடிச்சுக்கோங்க."

உயரத்தால் நெட்டை என்றே பெயராகிப்போன அவளுக்கு வேலை ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில். இருபது வருடமாக, துவைத்த படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் செலுத்துவதும், மறுபக்கம் சூடாக வருவதை வாங்கி மடிப்பதும்தான் அவள் பிழைப்பு. ஒரு நாள் அழுக்குத் தலையணை உறைக்குள் மெல்லிய புத்தகம் ஒன்று கிடந்தது. மூன்று மாதம் யாரும் கேட்டு வராததால் அது அவளுக்கே வந்தது. அட்டையில் தடித்த கையுள்ள ஒருத்தி. 'நீராவி அக்கா, மூன்றாம் பாகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே சலவைக் கூடம். அந்த அக்காவின் முழங்கைக்குக் கீழே, உருளை சுட்ட தழும்புகூட இருந்தது. நெட்டை தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதே இடம். மற்ற ஏழு பாகங்களையும் தேடிப்பிடித்து வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும், சீருடை மாற்றக்கூட நேரமில்லாமல் பேருந்து ஏறினாள். திருவிழா ஒரு பழைய கூடத்தில் நடந்தது. தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து விற்கிறவர்களின் மேசைகள் வரிசையாக இருந்தன. வாசலில் நின்ற தன்னார்வலப் பெண் அவளைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க. அஞ்சாவது மேசைகிட்ட காபி கொட்டிருச்சு. கொஞ்சம் துடைச்சிடுங்களேன்."

நெட்டை தன் சாம்பல் நிறச் சீருடையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இருபது வருடமாகச் "சரிங்க" என்றே பழகிய வாய்.

"துடைக்கிற துணி எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்கம்மா," என்றாள். "நான் புத்தகம் படிக்கிறவ. நுழைவுச்சீட்டு எங்க தர்றாங்க?"

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். நெட்டை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மேடையில் நீராவி அக்காவை வரைகிறவளும் ஒரு பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். வரைகிறவளுக்கு முப்பது வயதிருக்கலாம். பேச்செல்லாம் பேராசிரியர்தான்.

"இதுல ஒரு சோகம் என்னன்னா, இந்தக் கதை யாரைப் பத்தினதோ, அவங்க கைக்கு இது போகவே போகாது."

நெட்டை கையைத் தூக்கினாள். ஒலிவாங்கி கைக்கு வரும்வரை இறக்கவில்லை.

"வந்திருக்குங்க. எட்டு பாகமும்."

கூடம் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் எழுந்து நின்றார். "அம்மாவுக்கு ஒரு கைதட்டு கொடுங்க."

"கைதட்டு வேணாம் சார். கைதட்டு வாங்கவா பஸ் ஏறி வந்தேன்? எனக்கு ஒரு கேள்வி இருக்கு, அவங்ககிட்ட." வரைகிறவளைப் பார்த்தாள். "அஞ்சாம் பாகத்துல ஒரு தப்பு இருக்கு. மேற்பார்வையாளரைப் பழிவாங்க, அக்கா எல்லா விரிப்பையும் கோணலா மடிச்சு வைக்கிறாங்க. அப்படி எந்தப் பொம்பளையும் செய்ய மாட்டா."

"ஏன்? கோபம் வந்தா செய்ய மாட்டாங்களா?" என்றாள் வரைகிறவள். அவளும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "நானும் எட்டு மாசம் அந்த வேலை பாத்திருக்கேன். கை வெந்துதான் வேலையை விட்டு நின்னேன்."

"எட்டு மாசம்ல? கோணலா மடிச்சா சீட்டு யாருக்குக் கிழியும்? அக்காவுக்குத்தான். எங்க அக்கா அவ்வளவு மக்கு இல்ல."

'எங்க அக்கா' என்றதும் வரைகிறவள் சிரித்துவிட்டாள். "அப்ப நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"செஞ்சிருப்போம் இல்ல. செஞ்சோம்."

நெட்டை சொன்னாள். கூட வேலை செய்கிற ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பம். ஈரச் சுமையைத் தூக்க முடியாது, வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர், "முடியலன்னா வீட்ல இரு" என்றார். மறுநாள் காலை, நெட்டையோடு சேர்த்து மற்ற நாலு பேரும் ஓட்டலின் விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விரிப்பையும் இருபுறமும் விளக்கில் பிடித்துக் கறை பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. பார்த்தார்கள். நாலு மூலையும் விரலால் தடவி நூல் பார்க்க வேண்டும். தடவினார்கள். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"ரொம்பச் சரியா மடிச்சோம். மதியத்துக்குள்ள நூத்தி இருபது அறைக்கு விரிப்பு இல்ல. வந்தவங்க பெட்டியோட கீழ நிக்கிறாங்க. கடைசியில அவரே சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு உருளைகிட்ட வந்து நின்னாரு. விரிப்பைத் தலைகீழாப் பிடிச்சு உள்ள விட்டாரு. மறுநாளே அந்தப் புள்ளத்தாச்சியைத் துண்டு மடிக்கிற மேசைக்கு மாத்திட்டாங்க."

வரைகிறவள் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடையை விட்டு இறங்கி வந்தாள். நெட்டையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"இதை நான் வரையலாமா? உங்க பேர் போடவா?"

"என் பேர் மட்டும் எதுக்கு? நாலு பேர் செஞ்சது. இரு, அவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

ஒவ்வொருத்தியாகப் போன் செய்தாள். இருவர் உடனே சரி என்றார்கள். மூன்றாமவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "என்னைக் கொஞ்சம் ஒல்லியா வரையச் சொல்லுக்கா."

"முடியாது. உள்ளது உள்ளபடிதான்."

அதற்குள் கணவரின் அழைப்பு குறுக்கே வந்தது. சோறு குழைந்துவிட்டதாம், நாத்தனார் முகம் சுளிக்கிறாளாம்.

"குழைஞ்ச சோறு வயித்துக்கு நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். விளக்கணைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து, உருளையின் பிடி எந்தப் பக்கம், பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஈரத்துணியை எப்படி உதறுவது என்று வரைகிறவள் நோட்டில் வரைந்ததை ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

ஒன்பதாம் பாகம் நாலு மாதம் கழித்து வந்தது. அட்டையில் நாலு பெண்கள். குண்டானவள் குண்டாகவே இருந்தாள், கோபித்துக்கொள்ளவும் இல்லை. பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்தவளையும் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் தலையை ஒட்டிவைத்துப் படித்தார்கள். அந்த வழியே வந்த மேற்பார்வையாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவன் விரிப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்கிற பக்கம் திறந்திருந்தது.

"யார் இது?" என்றார்.

பழைய நாளாக இருந்தால் புத்தகம் மடியில் ஒளிந்திருக்கும். இன்று யாரும் அதை இறக்கவில்லை.

"பாத்தா தெரியலையா சார்?" என்றாள் நெட்டை. "கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க. இன்னும் முடிக்கல."