சிவப்புச் சாக்பீஸ் கோடு

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ வைத்துவிட்டு சமையலறையைத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனாரின் கையிலிருந்து ஈரத்துணியை அவள் பிடுங்காத குறையாக வாங்கினாள். "அந்தக் கோடு கிடக்கட்டும், தொடாதே."

ஐந்து நாளுக்கு முன் சரக்கு விமானம் ஒன்று மேலெழும்பிய வேகத்தில் ஓடுபாதைக்கு வெளியே விழுந்தது. சரக்கை ஏற்றி, நகராமல் பூட்டி, விமானத்தில் கூடவே போனவர் அவள் கணவர். 'பூட்டினவன் ஒழுங்காப் பூட்டியிருந்தா சரக்கு சரிஞ்சு இது நடக்குமா' என்ற பேச்சு, உடம்பு வீடு வருமுன்பே வந்துவிட்டது. சாவைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

கூடத்தில் காத்திருந்த விசாரணை அதிகாரி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. சரக்குப் பூட்டெல்லாம் உடைஞ்சு கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் சிவப்புச் சாக்பீஸ் கோடு. எங்க தொழில்ல சிவப்புன்னா பழுது. பழுதுன்னு தெரிஞ்சே ஏத்திட்டாரோன்னு..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிக்கிறாளே என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாங்கய்யா."

சமையலறையில் கேஸ் ரெகுலேட்டர், ஜன்னல் கொக்கி, பின்கதவுத் தாழ்ப்பாள், எல்லாவற்றிலும் அதே கோடு.

"டூட்டிக்குக் கிளம்பறப்ப ஒவ்வொண்ணா மூணு தடவை இழுத்துப் பாப்பாரு. சரியா இருந்தாத்தான் கோடு. இருபது வருஷமா அவர் போடறாரு, நான் திட்டிக்கிட்டே துடைக்கிறேன். வெள்ளையில போட்டா என்னன்னு கேட்டேன். 'வெள்ளை என் கண்ணுக்குத் தெரியலடி'ன்னாரு."

அதிகாரி தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. படம் எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது பழுதில்ல, சரிபாத்த அடையாளம். ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடறேன். சரியா இருந்த பூட்டு உடையணும்னா எடை கூடுதலா இருந்திருக்கணும். இனி சரக்கு எடை எழுதின இடத்துலதான் விசாரிக்கணும்."

அவர் கிளம்பிப் போனார். ஐந்து நாளுக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மனுஷர் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்ததுதான், இனி ஊருக்கும் தெரியும். ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தாள்.

"இப்பவாவது துடைக்கட்டுமா அண்ணி?"

"துடைச்சிடு," என்றாள், மனசு லேசான சந்தோஷத்தில். "அடுத்த டூட்டிக்குப் போறப்ப உங்க அண்ணன் மறுபடி போட்டுக்குவாரு."

நாத்தனாரின் கை அப்படியே நின்றது. அடுப்பில் இரண்டாவது டீ பொங்கி வழிந்தது.

அவளே குனிந்து ரெகுலேட்டரை மூடினாள். மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது.