கேட்டில் தொங்கிய பை

ஜான்ரோசுக்கு வாய் சும்மா கிடக்காது. சாவு வீட்டுக்குப் போனாலும் பந்தல் போடுகிறவனிடம் ஏதாவது சொல்லி, அவனைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் துக்கம் கேட்க உள்ளே போவான். குலசேகரத்துக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற அந்த ஊரில் அவனுடைய லோடு ஆட்டோ வருவதற்கு முன்பே அவன் சத்தம் வந்துவிடும். கோபப்படவும் முடியாது. கோபப்பட்டால் அதற்கும் ஒன்று சொல்வான்.

கொரோனாவின் இரண்டாவது வருஷம், வைகாசியில், மளிகைக் கடைகளைக்கூட அடியோடு மூடச் சொன்னார்கள். சர்ச் சபைக்காரர்கள் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொதி கட்டினார்கள். அதை வீடு வீடாகக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்றபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜான்ரோஸ்தான் எழுந்தான். "எல்லாவனும் பயந்து கதவச் சாத்திட்டுக் கெடங்க. நான் கொண்டுபோறேன். கொரோனா எனக்கிட்ட வந்தா அதுக்குத்தான் சீக்கு பிடிக்கும்."

குற்றம் சொல்லக் கூடாது, வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். தனியே கிடக்கிற வயசாளிகள், நடக்க முடியாதவர்கள், நோயாளிகள் என்று இருபத்திரண்டு வீடு. செவ்வாயும் சனியும் நடை. வீட்டுக்காரர் வெளியே வரக்கூடாது, அவனும் உள்ளே போகக்கூடாது. வீட்டுக்கு இரண்டு துணிப்பை. நிறைந்த பையைக் கேட்டில் தொங்கவிட்டு இரண்டு ஹாரன் அடிப்பான். அடுத்த நடையில் அந்தப் பை காலியாக அதே கேட்டில் தொங்க வேண்டும். தொங்கினால் ஆள் சுகமாயிருக்கிறார் என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டை யோசித்துச் சொன்னது ஜான்ரோஸ். அதில் அவனுக்குப் பெரிய பெருமை.

பட்டியல் எழுதின அன்றைக்கு சபை மண்டபத்து வாசலில் சபிதா வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும். இரண்டு பிள்ளைகள், டைல்ஸ் பதித்த மாடி வீடு, புருஷன் வினோஜ் துபாயில். ஆட்களை விட்டுத் தள்ளியே நின்று, "அண்ணா, எங்க வீட்டயும் சேப்பியளா?" என்று மெல்லக் கேட்டாள். அவள் மெல்லக் கேட்டதை இவன் ஊர் கேட்க ஆக்கினான்.

"ஏட்டி சபிதா, ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? ஒன் மாப்பிள துபாய்ல இருந்து கப்பல்ல அரிசி அனுப்ப மாட்டானா? கப்பல் வந்தா எங்களுக்கும் ரெண்டு சாக்கு தா மக்களே!"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். "சும்மா கேட்டேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வினோஜின் கம்பெனி போன வருஷமே மூடிவிட்டது, அவன் தொழிலாளர் முகாமில் யாரோ கொடுக்கிற குப்பூஸ் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்கிறான் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. கல்ஃப் வீடு என்ற மிதப்பில் அவர்கள் வாங்கி வைத்திருந்தது சர்க்கரை கார்டு. அதற்கு ரேஷனில் அரிசி கிடையாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்பதற்கு ஜான்ரோசின் வாய்க்கு எங்கே நேரம்? மறுநாளிலிருந்து ரோட்டில் அவளைக் கண்டவர்களெல்லாம் "கப்பல் வந்தாச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

சபிதாவின் வீட்டுக்கு அடுத்த வீடு சுந்தர்சிங்குடையது. அது பட்டியலில் இருந்தது. எழுபத்தாறு வயசு, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம். ஒரே மகள் அஜிஷா பெங்களூரில். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரு வியாபாரியின் கொட்டகை. அதில் ஒட்டுபால் சாக்குகள் அடுக்கியிருந்தன. மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பாலைச் சுரண்டிச் சேர்த்ததுதான் ஒட்டுபால். நாலு நாள் மழையில் நனைந்தால் அது நாறுகிற நாற்றம் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கம். ஊரடங்கில் லாரி வராமல் அது அங்கேயே கிடந்தது.

ஜான்ரோசுக்கு இருபத்திரண்டு வீட்டிலும் பிரியமான வீடு அதுதான். ஹாரன் கேட்டதும் கிழவர் உள்ளேயிருந்தே கத்துவார்.

"வச்சிட்டுப் போலே, கள்ளப்பயலே! போன தடவ பருப்புல பாதியும் கல்லு!"

"அது கல்லு இல்ல மாமா, ஒங்க பல்லு!"

அதற்குப் பதிலாக ஒரு டிரைவர் கெட்டவார்த்தை வரும். அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பான்.

அந்தச் சனிக்கிழமையும் கெட்டவார்த்தை வந்தது. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஹாரன் அடித்தான், உள்ளேயிருந்து சத்தம் வந்ததா வரவில்லையா என்று மழையில் தெரியவில்லை. ஆனால் காலிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. போதுமே! புதுப் பையை மாட்டிவிட்டு ஓடினான். இரண்டு நாள் மழையில் கரண்டும் போயிற்று, போனும் போயிற்று. வெள்ளிக்கிழமை சிக்னல் வந்தவுடன் அஜிஷா கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா போன் எடுக்க மாட்டேங்காவ. எனக்கு ஒரே வெப்ராளமா இருக்கு."

"சார்ஜ் இருந்திருக்காது மோளே. பை காலியாத்தானே தொங்குது! நல்லா தின்னுட்டுக் கெடக்காரு. நம்மள எல்லாரயும் அடக்கம் பண்ணிட்டுத்தான் அவரு போவாரு, பாத்துக்க."

அவள் அழுகையும் சிரிப்புமாகப் போனை வைத்தாள். ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று அவனுக்குத் திருப்தி.

மறுநாள் சனிக்கிழமை. காலிப் பை தொங்கியது. மூன்று வீடுகளுக்கு ஆஸ்பத்திரி மருந்து கொண்டுபோக வேண்டிய அவசரம். பையை மாற்றிவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டில் கை வைக்கும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிக் கத்தினான்.

"மாமோ! குளிச்சு எத்தன நாளாச்சி? ஒட்டுபாலு ஒங்ககிட்ட தோத்துப் போவும்!"

கெட்டவார்த்தைக்காகக் காத்து நின்றான். வரவில்லை. கோபமாக இருக்கிறார் போலும் என்று தானே சிரித்துக்கொண்டான். காலிப் பையை எடுத்துக்கொண்டு, நிறைந்த பையை மாட்டினான்.

புதன்கிழமை காலையில் அஜிஷா மறுபடியும் கூப்பிட்டாள். இப்போது அவளைச் சிரிக்க வைக்க முடியவில்லை. "உள்ள போய்ப் பாருங்கண்ணா, கால்ல விழுதேன்" என்றாள். போனான். பின்வாசல் சாத்தாமல் கிடந்தது. சுந்தர்சிங் அடுக்களை நடையில், கவிழ்ந்த செம்புக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அந்த நாற்றம் ஒட்டுபாலுடையது இல்லை.

சாயங்காலம் வெள்ளை உடுப்பு போட்ட நாலு பேர் வந்து பிளாஸ்டிக்கில் பொதிந்தார்கள். அஞ்சாறு நாள் ஆகியிருக்கும் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பத்தடி தள்ளி நின்று ஜான்ரோஸ் போனைத் தூக்கிப் பிடித்தான், மகள் பார்ப்பதற்காக. ஜெபம் முடிந்து மண் தள்ளும்போது போனுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"பை காலியா தொங்குதுன்னு சொன்னியளே அண்ணா?"

அதே கேள்வியோடுதான் அவன் திரும்பி வந்தான். சுந்தர்சிங்கின் கேட்டில் நேற்று மாட்டிய பையும் காலியாகத்தான் தொங்கியது. செத்தவர் பையை எடுத்து மாட்டுவாரா? "ஆருலே எடுத்தது?" என்று ஆளில்லாத ரோட்டைப் பார்த்துக் கத்தினான். "செத்த மனுசனுக்க சோத்தத் திருடினது ஆரு?"

"நாந்தான்" என்றாள் சபிதா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஒரு மாசத்தில் பாதியாகியிருந்தாள். அதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"மாமா குடுத்ததுதான். முந்தின வாரம் ஞாயித்துக்கிழம இங்ஙன நின்னு என்னய விளிச்சாரு. காய்ச்சலு, வாய்க்குப் பிடிக்கல, கஞ்சிக்கு அரிசி கெடக்குன்னாரு. பைய நீ எடுத்துக்க, பிள்ளைகளுக்குப் பொங்கிக் குடு, இனி வாறதயும் நீயே எடுத்துக்கன்னு சொன்னாரு. கிட்ட வராத, பிள்ளைக உள்ள வீடுன்னு வெரட்டினாரு."

"காய்ச்சல்னு எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா புள்ள?"

"சொல்லுதேன்னுதான் நான் சொன்னேன். மாமாதான் சம்மதிக்கல. ஜான்ரோசுக்குத் தெரியப்பிடாது, தெரிஞ்சா அந்தப் பய உன்ன ஊருபூரா சொல்லிச் சிரிப்பான்னு சொன்னாரு. காலிப் பைய அங்ஙனயே மாட்டிரு, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு."

ஜான்ரோஸ் கேட்டில் தொங்கிய காலிப் பையைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"வியாழக்கிழம வர இருமல் கேட்டுது" என்றாள் அவள். "அதுக்குப் பொறவு கேக்கல. கொறஞ்சிட்டுன்னு நெனச்சேன் அண்ணா. நாத்தம் வந்தப்பவும் ஒட்டுபாலுன்னுதான் நெனச்சேன்."

அவள் அழவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஜான்ரோஸ் சோறு தின்னவில்லை. வியாழன் வரை இருமியிருக்கிறார். செவ்வாய் மழையில் கேட்டைத் திறந்து பத்தடி நடந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். உள்ளே போகக்கூடாது என்று சட்டத்தை உண்டாக்கினவன் நடப்பானா? அந்தச் சட்டத்துக்கும் முன்னால், மண்டப வாசலில், ஒரு பொதியைத் தூக்கிக் கொடுத்து "கொண்டுபோ மக்களே" என்று சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். கிழவருக்கு அவனைத் தெரியும். பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்தால் அவன் கொடுப்பான் என்றும் தெரியும், கொடுத்துவிட்டுச் சிரிப்பான் என்றும் தெரியும். காய்ச்சலோடு கிடந்த மனுஷன் தன் உயிரை விட அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்திருக்கிறார். சீ, என்ன பிறவி நான் என்று தலையில் அடித்துக்கொண்டான். வலிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை பட்டியலில் சுந்தர்சிங் பெயரை அடித்துவிட்டுச் சபிதா பெயரை எழுதினான். அவள் கேட்டில் இரண்டு பைகளை மாட்டினான். ஒன்று போதாது என்று தோன்றியது. இரண்டு ஹாரன் அடித்துவிட்டு, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது இரண்டு பையும் மாட்டினபடியே தொங்கின. ராத்திரி மழையில் அரிசி ஊறித் துணி உப்பியிருந்தது. ஜான்ரோஸ் வண்டியை நிறுத்தி இறங்கினான். கேட்டைத் திறந்து முற்றம் வரை நடந்தான்.

"சபிதா... மக்களே, எடு. நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன்."

மாடி ஜன்னல் பாதி திறந்தது.

"கொண்டுபோங்க அண்ணா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எங்களுக்குக் கப்பல் வரும்."

அவளுக்குப் பின்னால் இளைய மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்று, கேட்டில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.