பன்னிரண்டாவது கத்தரிக்காய்

ஆரையம்பதியில் இராசதுரையின் வீட்டு வளவில் காய்த்த முதல் கத்தரிக்காய்களைச் சமைத்து உண்ட பதினொரு வீட்டாருக்கும், சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், தொண்டைக்குள் கட்டி வளர்கிறதென்ற பயம் பிடித்தது. ஒருவருக்கும் கட்டி இல்லை. கத்தரிக்காய் அன்று சந்தையில் கிலோ நானூறு ரூபாய். இது சும்மா கிடைத்தது. சிலர் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினார்கள், சிலர் பொரித்துக் குழம்பு வைத்தார்கள், சமையலில் பிழையில்லை. தபாற்கந்தோரில் வேலை செய்யும் நிருஷா முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். காத்தான்குடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சாலிஹ், கடைக் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பயம் தானாகப் போய்விட்டது. பதினொரு வீட்டாரும் பிறகு ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: அது தங்களுடைய பயம் அல்ல. கோயில் வாசலில் அடுத்தவரின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது போல, காலுக்குச் சரியாகத்தான் இருந்ததாம், ஆனால் தங்களுடையது அல்லவாம்.

அந்தப் பயத்தின் சொந்தக்காரர் இராசதுரை. வயது ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாக ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, ஆரையம்பதியிலிருந்து களுதாவளை வரைக்கும் மரண அறிவித்தல் சொல்லி வந்தவர். அவர் வாயால் பெயர் சொல்லப்படாமல் அந்தப் பக்கத்தில் ஒருவரும் முறையாகச் செத்ததில்லை என்று பகிடியாகச் சொல்வார்கள், பாதி மெய்யாகவும் சொல்வார்கள். ஆடியில் அமிர்தகழித் திருவிழாவில் தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகளின் பெயரைச் சொல்லுவதும் அந்தக் குரல்தான். 2023 தை மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் பெயரை நடுவழியில் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் இரண்டாக உடைந்தது. அறிவிப்பாளரே அழுகிறார் என்று வாத்தியாரின் மக்கள் மனம் உருகிப் போனார்கள். அடுத்த கிழமை இராசதுரை ஒருவருக்கும் சொல்லாமல் மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார். டொக்டர் மூக்கு வழியாகச் சிறிய கமராவை விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு கட்டி இருக்கிறது, ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குமுன் எதையும் சொல்ல ஏலாது, அதுவரைக்கும் சத்தம் போட வேண்டாம் என்றார். மாசி ஒன்பதாந் திகதி வரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தார். இவ்வளவு சொன்னதில் இராசதுரையின் காதில் ஏறியது ‘கட்டி’ என்ற ஒரு சொல்தான்.

வீட்டில் சளித் தடிமன் என்றார். மனைவி புஸ்பம் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பிள்ளை இல்லாத வீடு. தனக்கு ஒன்று நடந்தால் புஸ்பம் யாருடைய முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவாள் என்பதுதான் அவருடைய பயத்தின் அடிவேர். சாவுகூட அதற்குப் பிறகுதான். அதனால் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் கேட்கக் கத்துகிறவன் திடீரென்று வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தால் அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். அந்தக் கிழமை விவசாயப் போதனாசிரியை தனுஷியா வீட்டுத்தோட்டத்துக்குக் கன்றுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற துளசிக்குக்கூட ஒருநாளும் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன் முப்பது கத்தரிக் கன்றோடு வீட்டுக்கு வந்து நின்றார். கிளினிக் அட்டை மிளகாய் விதை போட்டிருந்த பிஸ்கட் டின்னுக்குள் போனது. மாசி ஒன்பதாந் திகதியை அவர் மண்வெட்டியோடு கழித்தார்.

தோட்டம் செய்யத் தெரியாத ஒருவர் செய்யக்கூடிய பிழைகள் அத்தனையையும் இராசதுரை பத்து நாளில் செய்து முடித்தார். ஆரையம்பதி மண் கடல்மணல். ஊற்றுகிற தண்ணீர் அரிதட்டில் ஊற்றின மாதிரி இறங்கிவிடும். அதில் பச்சைச் சாணியைக் கொட்டி வேரை அவித்தார். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினார். ஒரு சாணுக்கு ஒரு கன்று நட்டார். இதையெல்லாம் மன்னிக்கலாம். நட்ட கன்றை விடியப்புறம் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப நடுவார். மறுநாளும் பிடுங்குவார். முப்பதில் நான்கு மிஞ்சின. அவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பார்க்க வந்த தனுஷியா தலையில் கையை வைத்தாள்.

“ஐயா, இப்பிடிப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தா அது எப்பிடி வேர் பிடிக்கும்? சும்மா பக்கத்துல நிண்டு ரெண்டு வார்த்த கதைங்க. கண்டுக்கும் ஆள்பழக்கம் வேணும்.”

அவள் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இராசதுரை கத்தரிக்கு முன்னால் நின்று யோசித்தார். என்ன கதைப்பது? இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குப் பழகிப்போன பேச்சு ஒன்றுதான். மெல்லக் குனிந்து, காற்று மட்டும் வரும் குரலில் தொடங்கினார்: “மரண அறிவித்தல். ஆரையம்பதி இரண்டாம் குறிச்சியைச் சேர்ந்த, புஸ்பத்தின் அன்புக் கணவர்...” பிள்ளைகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விட்டார். “...கந்தப்பன் இராசதுரை அவர்கள்...” அதற்கு மேல் வர வேண்டிய சொல்லை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. காலையும் பின்னேரமும் போய் அவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். மூன்றாம் நாள் நான்கு கன்றுகளும் தலை நிமிர்ந்தன. பங்குனியில் பூத்தன. காய் பிடித்தபோது, வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் ஒவ்வொரு காயின் தோலும் வியர்த்திருந்தது. இராசதுரை தோட்டத்துக்குப் புதிது. கத்தரிக்காய் என்றால் வியர்க்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஆய்ந்த காய் வீட்டு அடுப்புக்கு ஆகாது, அயலட்டைக்குக் கொடுப்பதுதான் முறை என்று புஸ்பம் சொன்னாள். அப்படி ஒரு முறையை இராசதுரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருக்கு எந்த முறைதான் தெரியும்? புஸ்பம் விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். அந்தச் செவ்வாய்க்கிழமை இடியப்பக் கூடையோடு கத்தரிக்காயும் போனது. மறுநாள் காலையில் பதினொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். டொக்டர் எல்லோருடைய தொண்டையையும் பார்த்துவிட்டு, ஆரையம்பதியில் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம் ஏதும் நடந்ததா என்று கேட்டார்.

சாலிஹ் வரிசையில் நிற்கவில்லை. மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், நேற்று என்ன தின்றீர்கள் என்று கேட்டு, பொதுவாக இருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, கடைசியில் இராசதுரையின் வளவுக்கு வந்தார். புஸ்பம் கடைக்குப் போயிருந்தாள். கத்தரிச் செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார்.

“துரை, எனக்கு அறுவத்திரெண்டு வயசு. என்ர பயமெல்லாத்தையும் எனக்குத் தெரியும். நேத்து வந்தது என்ர இல்ல. அதுக்குள்ள உங்கட குரல் கேட்டிச்சு.”

இராசதுரையின் முகம் சாம்பலாகிப் போனது. மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்து, அண்ணன் முறை வைத்துச் சாலிஹின் கையைப் பிடித்துக்கொண்டார். “காக்கா, புஸ்பத்துக்கு மட்டும் தெரியப்படா.”

சாலிஹ் எழும்பிச் செடிக்குக் கிட்டப் போனார். பிறகு, கறி நல்லா இருந்தது, இன்னும் ரெண்டு ஆய்ஞ்சு தாங்க என்று கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து இராசதுரைக்கு இரண்டு பயம். ஒன்று தொண்டையில், மற்றது அடுப்படியில். தின்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்றால் புஸ்பம் தின்னக்கூடாது. கத்தரிக்காய் கிரந்தி, தொண்டை கடிக்கிறது, வீட்டில் சமைக்கவே வேண்டாம் என்று உத்தரவு போட்டார். புஸ்பம் ஓம் என்றாள். ஆனால் அந்த நான்கு செடியும் விட்டபாடில்லை; ஆய ஆயக் காய்த்தன. வீட்டில் வைத்திருந்தால் அவள் கைபட்டு அடுப்பில் ஏறிவிடும் என்று பயந்து, ஆய்ந்த காயை எல்லாம் கொடுத்தனுப்பினார். பதினொரு வீடு இருபத்தேழாகி, நாற்பதும் தாண்டியது. சித்திரை முடியும்போது, பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டாம் குறிச்சியில் பாதிப்பேர் கழுத்தில் கையை வைத்தபடி நின்றார்கள். மீன் கூவி விற்கிறவர்கள் கைச்சைகையில் விற்றார்கள். விஷயம் ஊர் முழுக்கத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆரையம்பதி ஒரு விஷயத்தை மூன்று கிழமை அடக்கி வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. இராசதுரை ஒன்றைக் கவனித்தார். அந்த நேரம் முழுக்கத் தன் நெஞ்சு இலேசாகக் கிடந்தது, பாயில் சரிந்தால் நித்திரையும் வந்தது. அடுத்தவன் வீட்டில் தன் பயத்தை இறக்கிவிட்டுத் தான் குறட்டை விடுகிறேனே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எழும்பியதும் பயம் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். குரல் வேறு நாளுக்கு நாள் இறங்கி, பக்கத்தில் இருந்தவருக்கே காதைக் கொடுத்தால்தான் கேட்கும் என்ற நிலைக்கு வந்திருந்தது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, பிஸ்கட் டின்னைத் திறந்தார். அட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அல்ல. அது அங்கே இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பார், கன்றைப் பிடுங்கிப் பார்த்தது போல. அன்று டின்னுக்குள் விதை மட்டும் இருந்தது. கையை விட்டுத் துழாவியதில் விதை எல்லாம் தரையில் கொட்டுண்டது. புஸ்பம் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அட்டையை அவருடைய மடியில் வைத்தாள். புதுத் திகதி எழுதியிருந்தது. வருகிற வியாழக்கிழமை.

“அண்டைக்குப் பன்னிரெண்டு ஆய்ஞ்சனான். பதினொண்டுதான் வீடுகளுக்குக் குடுத்தன். மத்தது எங்க போன எண்டு நீங்க கேக்கல்ல.”

அவர் அவளைப் பார்த்தார்.

“அடுப்பு நெருப்புல சுட்டு, உப்புத் தொட்டு நான்தான் திண்ட. எல்லாருக்கும் முதல், திங்கக்கிழமையே. முழுசும் எனக்கு மட்டும் வந்திச்சு. கிணத்தடியில இருந்திட்டன், எழும்ப ஏலாமப் போயிற்று. மறுகாத்தான் யோசிச்சன், இது ஒரு ஆளால தாங்க ஏலாது, ரெண்டு ஆளாலயும் ஏலாது. அதுதான் கூடையில போட்டுக்கொண்டு போனனான்.”

முதற்காயை அயலுக்குக் கொடுக்கும் முறை என்று ஒன்று எந்த ஊரிலும் இல்லை என்பது இராசதுரைக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஊர்ச்சனத்துக்கு இப்படிச் செய்யலாமா என்று, கேட்டும் கேட்காத குரலில் கேட்டார்.

“முதல் நாள் சொல்லாமக் குடுத்தது பிழைதான். ரெண்டாந்தரம் வீடு வீடாப் போய்ச் சொல்லித்தான் குடுத்தன். இது என்ர மனுசன்ட பயம், ஏலுமெண்டா எடுங்க எண்டு. ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல. உங்களுக்கு மட்டும் தெரியப்படா எண்டு சொல்லி வச்சனான்.”

இராசதுரை அழுதார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. இருபத்திரண்டு வருடம் ஊருடைய துக்கத்தையெல்லாம் தான் சுமந்து திரிந்ததாக அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அது அன்று அந்த விதைகளோடு தரையில் கொட்டுண்டு போனது. புஸ்பம் குந்தியிருந்து மிளகாய் விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவரும் பொறுக்கினார்.

வியாழன் விடிய அறுபத்துமூன்று வீட்டில் இடியப்பமும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அன்று பயம் பிற்பகலுக்குக் காத்திருக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கே பிடித்தது. நிருஷா தபாற்கந்தோர்க் கதவைப் பாதி சாத்தினாள். சாலிஹ் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலில் போய் இருந்தார். ஆஸ்பத்திரி மர வாங்கில் புஸ்பத்துக்குப் பக்கத்தில் இருந்த இராசதுரை, தன் பயத்தைத் தேடிப் பார்த்தார். ஒரு கறிக்கு உப்புப் போடுகிற அளவு கிடந்தது. பெயர் கூப்பிட்டார்கள். எழும்பி உள்ளே போனார்.

எடுத்த துண்டு கெட்ட துண்டுதான். ஆனால் வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில், வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருந்தது. வெட்டினார்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், எட்டு மாதம் போனது. குரலில் பாதிதான் திரும்பி வந்தது. சாலிஹ் கொழும்பிலிருந்து சக்தி கூடிய அம்பிளிபையர் ஒன்று எடுப்பித்துக் கொடுத்தார். இப்போதும் மரண அறிவித்தல் இராசதுரைதான். கரகரத்த அந்தக் குரல் கேட்டால் சனம் வேலையை விட்டுவிட்டு றோட்டோரம் வந்து நின்று கேட்கிறது. அந்த நான்கு செடியின் விதை வளவுக்கு வளவு போய், ஆரையம்பதியில் கத்தரி நிற்காத வீடு இல்லை, காத்தான்குடியிலும் கொஞ்சம் நிற்கிறது. ஒவ்வொரு வளவுக் காயிலும் அந்தந்த வீட்டுப் பயம் இருக்கும். சோதனை எழுதும் பிள்ளையின் பயம் சின்னது, சொதியில் போட்டால் தெரியாது. வாவிக்கு மீன் பிடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை என்றால் அந்த வீட்டுக் காய் கசக்கும். தனுஷியா தன்னுடைய மாதாந்த அறிக்கையில் விளைச்சலை மட்டும் எழுதுகிறாள். மற்றதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

போன மாசியில் ஒருநாள் மத்தியானம், இராசதுரை முதல் பிடிச் சோற்றை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார். தொண்டையில் ஒன்றும் இல்லை. அடிவயிற்றில் சின்னதாக ஒன்று, அசைகிறதா இல்லையா என்று கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிற மாதிரி.

“இது ஆர்ர?”

“சாலிஹ் காக்காட வளவுக் காய்” என்றாள் புஸ்பம். “அவர்ட மகள் றுக்ஷானாக்கு இது ஏழாம் மாசம். முந்தி ரெண்டும் வயித்துல தங்கல்ல எல்லோ.”

இராசதுரை சோற்றைக் குழைத்து இன்னொரு பிடி வாயில் வைத்தார். பிறகு சோற்றுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

“இன்னும் ஒரு துண்டு வை” என்றார். புஸ்பம் வைத்தாள்; சட்டியில் மிச்சம் இருந்ததைத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டாள்.