மணி அடிக்காத சுற்று

முனிவேலின் இடது முழங்கை உடம்போடு ஒட்டிக்கொண்டதைக் காவேரி பார்த்தாள். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த முறம் அவள் கையிலேயே நின்றுவிட்டது. பந்தலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வட்டமாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் ஓரமாக, வெள்ளைச் சட்டையில், முனிவேல் எப்போதும் போல வட்டமடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். ஆனால் சைக்கிள் மேலேயே உண்டு, சைக்கிள் மேலேயே பல் துலக்கி, நாட்கணக்கில் இறங்காமல் ஓட்டுகிற ஒருவரின் முழங்கை அப்படி விலாவில் பதிந்தால் வயிறு முறுக்குகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். பிறகு சைக்கிள் சாயும். சின்ன வயதில், தளிச் சந்தை மைதானத்தில், அவளுடைய அப்பா அப்படிச் சாய்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

ஐம்பத்தாறாம் வருஷத்து மாசி மாதம் அது. காவேரிப்பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கண் முகாம் நடத்த சேலத்து டாக்டர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். புரை விழுந்தவர்களுக்கு இலவச ஆபரேஷன். ஆனால் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்த பிறகு அவர்களுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் சோறு போட வேண்டும். பாய் வேண்டும், விறகு வேண்டும். அது ஊரின் பொறுப்பு. புளி மண்டி பஷீர் அஹமது முன்னால் நின்று, இறங்காமல் சைக்கிள் ஓட்டும் முனிவேலைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவழைத்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கேழ்வரகும் அவரைக்கொட்டையும் புளியும் வண்டி வண்டியாக வந்து பந்தலில் குவிந்தன. ஆனால் கொண்டுவந்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை. பந்தயமும் வேண்டுதலும் கலந்த ஒரு பேச்சைப் பேசித்தான் இறக்கினார்கள். மைதானத்தில் ஏற்றிய கொடி இறங்கும் வரை சக்கரம் நிற்காவிட்டால் மூட்டை முகாமுக்கு. நடுவில் நின்றுபோனால் அவரவர் மூட்டை அவரவர் வண்டிக்கே திரும்பும். இப்படியெல்லாம் கட்டுப்பாடு வேண்டாம் என்று பஷீர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாமிக்கு நேர்ந்துகொண்டதை மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டார்கள்.

கொடி மறுநாள் பொழுது சாயும்போது இறங்க வேண்டும். அதற்குள் ஊர் ஒரு தப்பைச் செய்துவிட்டது. அத்தனை பேருக்காகப் பாடுபடுகிற மனுஷனை வெறும் வயிற்றில் விடுவதா என்று, ஆளாளுக்குக் களி கிண்டி, கறிக்குழம்பு வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடவே நடந்து உருண்டை உருண்டையாக ஊட்டினார்கள். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள் என்று முனிவேலும் வாங்கிக்கொண்டார். இறங்காமல் ஓட்டுகிறவன் கரைத்த கூழைத் தவிர எதையும் வயிற்றுக்குக் கொடுக்கக் கூடாது. காவேரிக்கு அது தெரியும். வாயைத் திறந்தால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் முதல் நாளெல்லாம் முறத்துக்கு மேல் குனிந்தே இருந்தாள்.

வாழ்க்கைப்பட்ட ஊரான கல்லாவியில் அவளைத் தளிப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அப்படிச் சொல்லிவைத்தது மாமியார் மாதம்மாள். அவள் கணவன் சென்னப்பன் விதைக்கிழங்கு வாங்கத் தளிக்குப் போனவன், அப்பாவின் தோளில் ஒற்றைக் காலை ஊன்றி ஓடும் சைக்கிளில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, கிழங்கை மறந்து வீடு திரும்பினான். அவன் பிடிவாதத்துக்கு மாதம்மாள் ஒருவழியாக இணங்கினாள். ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொடக் கூடாது. காவேரி தொடவில்லை. மாதம்மாளும் மற்ற விஷயங்களில் குறை வைக்கவில்லை. பிரசவத்துக்குத் தாய் வீடு இல்லாத மருமகளுக்குத் தானே பத்தியம் வைத்துப் போட்டவள். அந்தக் கைகள் இப்போது சுவரைத் தடவித்தான் அடுப்பங்கரைக்குப் போகின்றன. இரண்டு கண்ணிலும் புரை. இந்த முகாமை நம்பித்தான் வண்டி கட்டி அழைத்து வந்திருந்தார்கள்.

முனிவேல் வந்த அன்றே காவேரியை அடையாளம் கண்டுகொண்டார். அவளுடைய அப்பாவிடம் தொழில் கற்றவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார். ஹேண்டில் பாரில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

காவேரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த சென்னப்பன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு முனிவேலைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. மாதம்மாள் பத்தடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து, வெள்ளையாக நகரும் ஏதோ ஒன்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போ," என்றான் சென்னப்பன் மெதுவாக. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நாற்று நடும்போது செருகுவதுபோல் சிவப்புப் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடினாள். கோட்டுக்குள் ஒரு பெண் ஓடுவதைப் பார்த்துக் கூட்டம் எழுந்துகொண்டது. "ஹிந்தே பர்தீனி, அண்ணா," என்று கன்னடத்தில் குரல் கொடுத்தாள். பின்னால் வருகிறேன் என்று அப்பாவின் குழுவில் சொல்கிற அதே சொல். முனிவேல் தலையசைத்தார். கேரியரைப் பிடித்து, கூடவே நாலு எட்டு ஓடி, ஒரு துள்ளலில் அதன் மேல் ஏறினாள். அவர் சீட்டிலிருந்து முன்னால் பார்க்கம்பிக்கு நகர, இவள் சீட்டுக்கு நகர்ந்து அவரைச் சுற்றிக் கைநீட்டி ஹேண்டிலைப் பற்றினாள். பெடலில் கால்கள் மாறின. சைக்கிள் ஒரு முறை பாம்புபோல் வளைந்து நிமிர்ந்தது. முனிவேல் பக்கவாட்டில் சரிய, கூடவே ஓடி வந்த சென்னப்பன் அவரைத் தோளோடு தாங்கிக்கொண்டான். சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆள் மாறியதால் பேச்சு முறிந்துவிட்டது, மூட்டையைத் திருப்பிக்கொடு என்று ஒரு வண்டிக்காரர் பஷீரிடம் வந்தார். பஷீர் தாடியைத் தடவிக்கொண்டு வட்டத்தையே பார்த்தார்.

"நாம பேசுனது சக்கரத்தப் பத்தி. அது நின்னுச்சா?"

"நிக்கல. ஆனா பொம்பள..."

"பொம்பள மிதிச்சா அது வேற எதுனா ஆயிடுமா? சக்கரந்தானே? போய் உக்காருங்க, கண்ணு."

பாயில் உட்கார்ந்திருந்த மாதம்மாளுக்கு வெள்ளை நிறம் போய்ச் சிவப்பு வந்ததுதான் தெரிந்தது. யாரு ஓட்டறது என்று கேட்டாள். சென்னப்பன் முனிவேலைப் படுக்கவைக்கப் போயிருந்தான். பக்கத்திலிருந்தவள் அவர்கள் ஊர்க்காரி சரசம்மா.

"உன் மருமவதான். ஆம்பள சைக்கிள்ல கால் தெரிய ஏறிக்கினு சுத்தறா. மளிகைக்கடக்காரர் மவளுன்னு சொன்னியே, கடையில இதத்தான் வித்தாங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாதம்மாளின் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷமாக மூடிவைத்ததை மருமகள் ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து போய்விடலாம் என்று தரையில் கையூன்றினாள். எங்கே போவது, எந்தப் பக்கம் போவது, எல்லாம் அந்த மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அல்லவா? அந்தச் சிவப்பு நிறம் வந்தது, போனது, மறுபடி வந்தது. பந்தலில் தன்னைப்போலவே கோலூன்றி வந்தவர்கள் தங்கள் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், நின்னுடுச்சா, நின்னுடுச்சா என்று பக்கத்தில் உள்ளவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிக்கல தாத்தா என்று ஒவ்வொரு முறையும் யாரோ பதில் சொன்னார்கள்.

"அவங்கப்பன் சைக்கிள்காரன்தான்," என்றாள் மாதம்மாள், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "நாந்தான் பொய் சொன்னேன். எங்க ஊட்டு மருமவ ஏறிட்டா. உங்க ஊட்டுல எவளாச்சும் இருந்தா அனுப்புங்க, சாயந்தரமா மாத்திக்கலாம்."

சரசம்மா எழுந்து பந்தலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியபோது சென்னப்பன் கூழ் கரைத்து எடுத்து வந்தான். களியோ சோறோ வேண்டாம், கூழ் போதும் என்று காவேரி ஓட்டிக்கொண்டே கேட்டிருந்தாள். குடு இங்க என்று மாதம்மாள் லோட்டாவை வாங்கிக்கொண்டு, கோட்டோரம் கொண்டுபோய் விடச் சொன்னாள். கையை நீட்டி நின்றாள். சைக்கிள் எப்போது வரும், எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை. முதல் சுற்றில் கை தாழ்ந்திருந்தது. இரண்டாவதில் நேரம் கழித்து நீட்டினாள். கூழ் அவள் புடவையிலேயே சிந்தியது. மாமியார் அங்கே வந்து நிற்பதைப் பார்த்ததிலேயே காவேரியின் கண்ணை நீர் மறைத்துக்கொண்டு வந்தது. அடுத்த சுற்றில், கொஞ்சம் தூரத்திலேயே மணியை அடித்தாள்.

"மணி அடிச்சதும் நீட்டுங்க, அத்த."

மணி அடித்தது. கை நீண்டது. லோட்டா கை மாறியது, ஒரு சொட்டுச் சிந்தாமல். பந்தல் முழுவதும் கைதட்டியது. இரண்டு பேருக்கும் கைதட்டுகிறார்கள் என்பது மாதம்மாளுக்குப் புரியச் சற்று நேரமானது.

அன்று இரவும் மறுநாள் பகலும் ஒவ்வொரு லோட்டாவையும் அவள்தான் கொடுத்தாள். வேறு யாரையும் கோட்டோரம் வரவிடவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்ட முனிவேல், என் தங்கச்சி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய, பஷீர் கொடியை இறக்கினார். மூட்டை கொண்டுவந்தவர்களே அதைத் தோளில் ஏற்றிப் பள்ளிக்கூடச் சமையலறைக்குச் சுமந்தார்கள்.

ஆபரேஷன் ஆனவர்கள் வகுப்பறைகளில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தலை அசையாதபடி இரு பக்கமும் மணல் பை, இரு கண்ணிலும் கட்டு. அசையக் கூடாது என்ற உத்தரவை மாதம்மாள் மீறவில்லை. வாயை மட்டும் யாராலும் கட்ட முடியவில்லை. அடுத்த பாய்க்காரிக்கு, என் மருமவ ஓடற சைக்கிள்ல ஏறினது தெரியுமா என்று தினமும் புதிதாகச் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும் காலையில் ஒவ்வொருவரும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். சிலருக்குச் சாமி படம், ஒருவருக்குப் பேரப்பிள்ளை. கண்ணாடி போடும் வரை கலங்கலாகத்தான் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாமல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாதம்மாள் தன்னை வெளி வராந்தாவில் மைதானத்தைப் பார்த்து உட்காரவைக்கச் சொன்னாள். படம் வேண்டுமா அம்மா என்று சென்னப்பன் கேட்டான்.

"அவள ஓட்டச் சொல்லுடா. ஊரே பாத்துச்சு. நான் ஒருத்திதான் பாக்கல."

சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டிருந்தது. சக்கரம் அறுத்த வட்டத் தடம் மட்டும் மண்ணில் ஆழமாக இருந்தது. முனிவேல் விட்டுச்சென்ற சைக்கிளில், அதே சிவப்புப் புடவையில், காவேரி அந்தத் தடத்திலேயே ஓட்டினாள். வராந்தாவை நெருங்கும்போதெல்லாம் பழக்கப்படி மணி அடித்தாள். ஒரு சுற்றில் டாக்டர் துணியின் நுனியைத் தேடுவது தெரிந்தது. அடுத்ததில் துணி பாதி பிரிந்திருந்தது. அதற்கடுத்ததில் ஈரப் பஞ்சால் இமைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சென்னப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

அந்தச் சுற்றில் காவேரி மணி அடிக்க மறந்துவிட்டாள். தூரத்தில், வெயில் விழுந்த வராந்தாவில், மாதம்மாளின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. அதில் லோட்டா இல்லை. நீட்டிய கை, சைக்கிள் வந்த பக்கமாகத் திரும்பி, அது போகிற போக்கிலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.