பலாமரப் பொந்தில் அறுநூறு ரூபாய்

செம்மநத்தம் குழந்தைவேலுக்கும் காவேரிக்கும் கல்யாணமான நாளிலிருந்து, சனிக்கிழமை வாங்கிய எஸ்டேட் கூலி ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை தங்கியதில்லை. ஏற்காடு ஏரியில் படகு, ஸ்டுடியோவில் போட்டோ, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. ஒருமுறை சேலத்துக்குப் போய் ஒரே சினிமாவை இரண்டு ஆட்டம் பார்த்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் கதை புரியவில்லை.

ஆவணியில் மேட்டுத் தோட்டத்து முதலாளி ஒரு சேதி சொன்னார். அறுநூறு ரூபாய் முன்பணம் கட்டினால், நாற்பது மரத்து மிளகுக் கொடி ஒரு வருசத்துக்கு அவர்களுக்குக் குத்தகை. மார்கழி முடிவதற்குள் கட்டாவிட்டால் சேலத்து வியாபாரிக்குப் போய்விடும். சொந்த விளைச்சல், எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் தொல்லை இல்லை. இருவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கையில் இருந்தது நாலு ரூபாய்.

காவேரிதான் வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் பின்னால் பலாமரப் பொந்தில் அன்றுதான் தேனீக்கள் குடிவந்திருந்தன. ஊருக்குப் புதிது என்பதால் மரியாதையாக இருந்தன. அவள் உள்ளே ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்ததைக் கண்டுகொள்ளவில்லை. டப்பாவுக்கு மேலே ஒரு மூங்கில் குழாயைச் செருகினாள். பணத்தைச் சுருட்டி அதில் போட்டால் போய் விழும். எடுக்க வேண்டுமென்றால் பொந்துக்குள் கையை விட வேண்டும். புகை மூட்டக் கூடாது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டார்கள்.

ஒரு வாரத்தில் தேனீக்கள் மரியாதையை மறந்தன. அதிலிருந்து அந்த வீட்டில் ரூபாய்க் கணக்கு போய்க் கொட்டுக் கணக்கு வந்தது. படகு சவாரி மூன்று கொட்டு. வளையல் ஐந்து. சேலத்துச் சினிமா, பஸ் சார்ஜோடு, பதினொன்று. ஐப்பசியில் குழந்தைவேல் ஒரு பூப்போட்ட சட்டைக்காகப் பதினாலு கொட்டு செலவழித்தான். மறுநாள் அவன் வீங்கிய முகத்தைப் பார்த்த ரைட்டர், குழந்தைவேல் வரவில்லை என்று எழுதிவிட்டு, இவனைப் புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். புது ஆளுக்குக் கூலி குறைவு.

அதற்குப் பிறகு அவன் எதையாவது ஆசையோடு பார்த்தாலே காவேரி கேட்பாள்:

“ஏனுங்க மாமா, இது எத்தன கொட்டுக்குத் தாங்கும்?”

பெரும்பாலும் ஒன்றுக்கே தாங்கவில்லை.

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனீக்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. டப்பாவில் ஐந்நூற்று எழுபது இருந்தது. முப்பதுக்கு முதலாளியிடம் தவணை கேட்கலாம் என்று டப்பாவோடு புறப்பட்டார்கள். வழியில் ஏற்காட்டுக் கடைத்தெரு இருந்தது. அங்கே ஒரு ரேடியோ கடையில் டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. விலை ஐந்நூற்று நாற்பது. காவேரியின் கால் தாளம் போட்டது. குழந்தைவேலின் கை டப்பாவுக்குள் போனது.

உள்ளே ஒரு தேனீ கூட இல்லை. ஆனாலும் நாலு மாதப் பழக்கம். கை தன் பாட்டுக்கு வீங்கத் தொடங்கியது. முதலில் சுண்டுவிரல், பிறகு மற்றவை, பிறகு மணிக்கட்டு. கை டப்பாவுக்குள் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் ஒரு பக்கம் இழுத்தார், டீக்கடைக்காரர் ஒரு பக்கம் இழுத்தார்.

“கைய எடுங்க மாமா.”

“நானா உட்டேன்? அதுவா போச்சு, அதுவா வீங்குது.”

“டேப்பு வேண்டாம்னு நெனைங்க.”

நினைத்தான். கொஞ்சம் வற்றியது. பாட்டு காதில் விழுந்ததும் மறுபடி வீங்கியது. காவேரி சிரித்துச் சிரித்து நடக்க மாட்டாமல் நடந்து, டப்பாவைப் பிடித்து அவனை முதலாளி வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

“மொளகுக் கொடிக்கு முன்பணங்க” என்று குழந்தைவேல் வாயைத் திறந்ததுதான் தாமதம், கை வற்றியது. டப்பா கழன்று விழுந்தது. முதலாளி பணத்தை எண்ணினார்.

“முப்பது கொறையுதே. நாளன்னிக்கு வேபாரி வரான்.”

 நாற்பது மரமும் குழந்தைவேலின் கண்ணெதிரே சேலத்துக்குப் பஸ் ஏறின.

நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு, காவேரியிடம் டப்பாவின் கதையையும் கேட்டுவிட்ட முதலாளியம்மா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் வாராவாரம் சீட்டாடச் சேலம் போகிறவர்.

“ஏங்கண்ணு, இது என்ன வெல?”

“நாப்பதுங்கம்மா” என்றாள் காவேரி.

“வெறும் டப்பாவுக்கா?”

“நொம்பப் பழகுன டப்பாங்கம்மா.”

முதலாளியம்மா தன் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்தே நாற்பதை எடுத்துக் கொடுத்தாள். காவேரி முப்பதை மேசையில் வைத்து, பத்தை முந்தானையில் முடிந்தாள். குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். குழந்தைவேலுக்குக் கட்டைவிரல் மட்டும் இன்னும் வற்றாததால், அவன் கைநாட்டு பத்திரத்தில் பாதியை அடைத்துக்கொண்டது.