ஆவணியில் ஒரு பாலன் குடில்

திரேசம்மாவின் குடை காணாமல் போன கிழமைதான் பேசாலை வரைக்கும் தண்டவாளம் வந்து சேர்ந்தது. குடைக்கம்பிகளைத் தட்டி நேராக்கி, பனையீர்க்கில் நறுக்கிய சிலிப்பர் கட்டைகளின் மேல் ஒட்டியிருந்தார் அவளுடைய புருசன் அருளப்பன். கேட்டதற்கு, “மழை பெய்யாத ஊரில குடை என்னத்துக்கு?” என்றார். கார்த்திகையில் நனைந்துகொண்டு பூசைக்குப் போகப்போவது அவரல்லவே.

அருளப்பன் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சண்டையில் கோச்சி ஓட்டம் நின்றது. தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பங்கருக்குக் கூரை போட்டார்கள். வேறு யாருமென்றால் இரண்டு நாள் கவலைப்பட்டுவிட்டுத் தோட்டத்தைக் கொத்தியிருப்பார்கள். இந்த மனுசன் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மன்னார்ப் பாலம் வரை முழுப் பாதையும் அதில் ஓடியது. மீன் ரின்னில் எஞ்சின், நெருப்புப்பெட்டிகளில் பெட்டிகள், திரேசம்மாவின் சட்டை ஊசியில் கைகாட்டி. கோச்சியை இழுக்கும் தையல்நூலும் அவளுடையதுதான். புருசனும் பெண்சாதியும் வருடக்கணக்காக மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அந்தக் காவலரண்தான். தலைமன்னார் ஸ்டேஷனில் ஆமிக்காரர் மணல்மூட்டை அடுக்கிக் காவலரண் போட்டிருந்தார்கள். அருளப்பன் சைக்கிளில் போகிறபோக்கில் அதைப் பார்த்துவிட்டு வந்து, பழைய பெனியனில் குட்டிக் குட்டி மூட்டைகள் தைத்து, மேசையிலும் ஒன்று கட்டிவிட்டார்.

“உங்களுக்கு மண்டை பிசகிப் போச்சே?” என்றாள் திரேசம்மா. “முன்வீட்டுச் சிங்கராசா கடதாசியில பாதை கீறி வைச்சிருந்ததுக்கே கொண்டுபோனவங்கள். இன்னும் விடேல்லை. இதைக் கண்டா உங்களைச் சும்மா விடுவாங்களே?”

“ஸ்டேஷனில என்ன இருக்கோ அது மேசையிலயும் இருக்கோணும். நான் பிழையாச் செய்யமாட்டன். சேவிசில ஒருநாளாவது கோச்சியைப் பிந்த விட்டனானே?”

விட்டதில்லைதான். அதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நரைத்தது. கலியாணத்தன்று கோயில் வாசலில் முதல் ஆளாக வந்து நின்று, பெண்வீட்டாருக்குத் தன் கைமணிக்கூட்டைக் காட்டினவர் அவர்.

ஆவணியில் ஒருநாள் காலை ஒழுங்கையில் நாய்கள் குரைத்தன. ஆமி வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் படலை திறக்கும் சத்தம் கேட்டது.

“கழட்டுங்கோ!” என்றாள் திரேசம்மா.

அருளப்பன் மூட்டையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அவ்வளவு திறமாக ஒட்டியிருந்தார்.

அவள் மேசையைப் பார்த்தாள். அலுமாரியின் மேலே பார்த்தாள். அங்கே நத்தார்ச் சுரூபங்கள் வைத்த பெட்டி இருந்தது. ஒரே இழுவையில் அதை இறக்கி, பாலன் யேசுவை எடுத்துக் காவலரணுக்குள் கிடத்தினாள். மாதாவும் சூசையப்பரும் பிளாட்போமில் ஏறினார்கள். மூன்று ராசாக்கள் மன்னார்ப் பாலத்தில் நின்றார்கள். ஆடுகள் கை போன இடத்தில் நின்றன. எஞ்சினை விடப் பெரிய ஓர் ஆடு நடுத் தண்டவாளத்தில் நின்றது.

“ஆடு பாதையில...” என்று தொடங்கினார் அருளப்பன்.

“வாயை மூடுங்கோ.”

உள்ளே வந்த அதிகாரி இளம் ஆள். கழுத்தில் செபமாலை, வாயில் சிலாபம் பக்கத்துத் தமிழ். மேசையை ஒருதரம் சுற்றி வந்தான். பாலத்தருகே குனிந்தான். காவலரணருகே இன்னும் குனிந்தான்.

“என்ன இது?”

“பாலன் குடில், ஐயா,” என்றாள் திரேசம்மா.

“ஆகஸ்ட் மாசத்திலயா?”

அவளுக்குப் பதில் எங்கிருந்தோ வந்தது. “என்ன செய்யிறது ஐயா? இந்த மனுசன் எதுக்கும் பிந்தித்தான் வருவார். இப்ப துவங்கினாத்தான் நத்தாருக்காவது முடியும்.”

அதிகாரி அருளப்பன் பக்கம் திரும்பினான். “அப்படியா?”

அருளப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. ‘பிந்தி’ என்ற இந்த ஒரு சொல்லுக்காக மேலதிகாரியோடு சண்டைபிடித்த மனுசன். மடு மாதாவே, இந்த ஒருக்கா இவர் வாயில ஒரு பொய்யைக் குடு என்று திரேசம்மா மனதுக்குள் மன்றாடினாள்.

அருளப்பன் தலை குனிந்தார். “ஓம் ஐயா. போன வருசம் மூண்டு ராசாக்கள் திருநாளும் முடிஞ்ச பிறகுதான் முடிச்சனான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. கையை நீட்டி, நடுவில் நின்ற ஆட்டைத் தூக்கித் தண்டவாளத்துக்கு வெளியே வைத்தான்.

“இங்க நின்னா கோச்சியில அடிபடும்,” என்றான். “எங்க அப்பாவும் ரயில்வேதான்.” வாசலுக்குப் போனவன் குரலைத் தாழ்த்தினான். “மூட்டையெல்லாம் எடுத்துடுங்க. அடுத்த முறை வேற ஆள் வருவான்.”

சப்பாத்துச் சத்தம் ஒழுங்கையில் ஓயும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அருளப்பன் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“பிந்தினனான் எண்டு சொல்லிப்போட்டன், திரேசா.”

வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவதற்கு இது போதும். ஆனால் அவளுக்கு நக்கல் வரவில்லை. கலியாணத்தன்றுகூட இந்த மனுசன் மேல் இவ்வளவு அன்பு வந்ததில்லை. பக்கத்தில் போய் நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் அவர் பிளேடால் மூட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பாலன் யேசு வெறும் பிளாட்போமில் கிடந்தார். திரேசம்மா பெட்டியைத் திறந்துகொண்டு வந்தாள்.

“பாலனை எடுக்கட்டே?”

“விடு. அவர் கோச்சிக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.”

“கோச்சி எப்ப வரும்?”

அருளப்பன் குடைக்கம்பித் தண்டவாளத்தை விரலால் தடவினார்.

“பிந்தும்,” என்றார்.