பெட்டிசத்தில் இல்லாத குற்றம்

"எழும்பெடி! மாப்பிள்ளை வீட்டார் வாற நேரம், உன்ர முகத்திலயோ அவை முழிக்கிறது?"

பென்ஷன்காரர் நமசிவாயம் கேற்றைப் பிடித்தபடி கத்தினார். எதிரே நடைபாதையில் இடியப்பம் நிறைந்த ஓலைக் கடகத்தோடு இருந்த றஞ்சிதம் அசையவில்லை. புருஷன் செத்து மூன்று வருஷம். வெள்ளவத்தை மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தத் தெருவால்தான் போவார்கள். அந்த இடத்தை விட்டால் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் பட்டினிதான்.

நமசிவாயமும் தினமும் அவளிடம்தான் வாங்கினார். கைம்பெண் அவித்த இடியப்பம் அவர் வயிற்றுக்கு ஆகும். அவள் முகம் மட்டும் மகள் பத்மாவதியின் சம்பந்தத்துக்கு ஆகாது!

சகுனத்துக்கு நகரசபையில் சட்டம் கிடையாது என்பது அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் பேனா பிடித்தவருக்குத் தெரியாதா? வெள்ளைக்காரத் துரைமார் மெச்சிய இங்கிலீஷில், 'பாதசாரிகளுக்குப் பெருந்தடை' என்று அவள்மேல் சபைக்குப் புகார்ப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார். ஊரார் கால்களில் திடீரென்று அத்தனை கரிசனை!

நகரசபை ஓவசியர் வின்சன்ற் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"நடைபாதையில இருந்து விக்கக்கூடாது அக்கா. சட்டம்."

றஞ்சிதம் எழுந்தாள்.

"நடக்கலாமோ தம்பி?"

"நடக்கத்தானே போட்டிருக்கு."

"தலையில கடகம் இருந்தா?"

"தலை உங்கட. சபைக்கு அதில பங்கில்ல."

கடகம் தலைக்கு ஏறியது. "இடியப்பம்!" என்று கூவியபடி விளக்குக் கம்பம்வரை போனாள், திரும்பினாள், மறுபடி கேற்றடிக்கு வந்தாள்.

"ஓவசியர்! பாக்கிறீரோ, திரும்பியும் வாறாள்!"

"நடக்கிறா ஐயா. நிண்டாத்தான் குற்றம்."

"அவள் தாலியறுத்தவள், காணும்!"

"பெட்டிசத்தில அதைக் காணேல்லையே?"

தெருமுனையில் கார் ஹோர்ன் கேட்டது. நமசிவாயம் பாய்ந்துபோய் நடைபாதையின் நடுவே இரு கைகளையும் விரித்து நின்றார்.

"விலகுங்கோ ஐயா," என்றான் வின்சன்ற். "இப்ப பாதசாரிக்குத் தடை நீங்கள்தான். பேரை எழுதட்டோ?"

பார்த்து நின்ற மில்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் கைகளை இறக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

முதலில் இறங்கியவள் மாப்பிள்ளையின் தாய். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, வெறும் நெற்றி. அவளும் புருஷனை இழந்தவள்தான். ஆனால் காரில் வந்தவள்.

"வாங்கோ சம்பந்தியம்மா, வாங்கோ!" நமசிவாயம் இடுப்பு மடிய வளைந்து கும்பிட்டார்.

றஞ்சிதம் நிற்கவில்லை. நிற்பதுதானே குற்றம்! கூப்பிய அந்தக் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவற்றுக்கு முன்னாலேயே நிமிர்ந்து நடந்தாள்.

"இடியப்பம்!"